ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்துவிடுமா?

விபத்து நடந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. கண்ணாடிச் சில்லுகள் தார் ரோட்டிலேயே கிடக்கும். வண்டியை ஓரம் கட்டியவரின் கை நடுக்கம் அடங்கியிருக்காது. அதற்குள் ஒருவர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொல்வார்: “சார், இதை இழுத்துக்கிட்டு இருக்காதீங்க. ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிடுங்க. இத்தோட முடிஞ்சிடும்.”

சொல்பவர் போலீஸ்காரராக இருக்கலாம். வண்டியை மீட்டுத் தருவதாகச் சொல்லும் புரோக்கராக இருக்கலாம். சொந்தக்காரராகவும் இருக்கலாம். “தம்பி, கோர்ட்டு வாசலை மிதிச்சா பொழப்பு கெட்டுடும்பா” என்று அவர் அக்கறையோடுதான் சொல்வார். கேட்பவருக்கும் அது ஆறுதலாக இருக்கும். ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து ஒரு கெட்ட நாளை முடித்துக்கொள்ளலாம் என்றால் யாருக்குக் கசக்கும்?

ஆனால் அந்த நாள் அதோடு முடிவதில்லை. ஹெல்மெட் போடாததற்கும் நோ பார்க்கிங்கில் நிறுத்தியதற்கும் கட்டுகிற ஃபைன் வேறு. ஆள் அடிபட்டு, வண்டி நொறுங்கிய ஒரு விபத்துக்குப் பிறகு கட்டுகிற ஃபைன் வேறு. முன்னதில் பணம் போகும். பின்னதில், தவறு யார் மேல் என்ற கேள்விக்கு நாமே எழுத்து மூலம் பதில் கொடுத்துவிடுகிறோம். இழப்பீட்டுத் தீர்ப்பாயம், இன்சூரன்ஸ் கம்பெனி, ஆர்.டி.ஓ. அலுவலகம், வேலை தருகிற நிறுவனம் என்று நாம் எங்கே போனாலும் அந்தப் பதில் நமக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். தவறு நம்முடையதென்றால் அதற்கு நாம்தான் பொறுப்பு. தவறு தங்களுடையது இல்லாதபோதும், அலைச்சலுக்குப் பயந்து அதே பதிலைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. எண்ணிக்கை 64,105. அந்த ஓராண்டில் நம் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். இப்படிப் பதிவாகும் ஒவ்வொரு விபத்தின் பின்னாலும் யாரோ ஒருவர் கையில் ஒரு காகிதம் வந்து சேர்கிறது.

கையில் இருப்பது எந்தக் காகிதம்?

முதலில் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விபத்துக்குப் பின் வருவது இரண்டு வகைக் காகிதம். ஒன்று, போலீஸ்காரர் கையிலுள்ள மெஷினில் அடித்துத் தரும் இ-சலான். செல்போனுக்குக் குறுஞ்செய்தியாகவும் வரும். மோட்டார் வாகனச் சட்டத்தை மீறியதற்கானது இது. 2019-ல் சட்டம் திருத்தப்பட்டு, அதன் உயர்ந்த தொகைகள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. இன்னொன்று முதல் தகவல் அறிக்கை. அஜாக்கிரதையாகவும் அதிவேகமாகவும் ஓட்டி ஆபத்து விளைவித்தார் என்று குற்றவியல் சட்டத்தின் கீழ் பதிவாகும் வழக்கு அது. பல ஆண்டுகளாக 279, 337, 338 என்று காவல் நிலையங்களில் புழங்கிய எண்கள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 281 என்றும் 125 என்றும் மாறியிருக்கின்றன. உயிர் போயிருந்தால் 304-ஏ என்று இருந்தது இப்போது 106.

சலான்தானே என்று அலட்சியமாகவும் இருந்துவிடக் கூடாது. எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். 184 என்று இருந்தால் அது ‘அபாயகரமாக ஓட்டியது’. சிவப்பு விளக்கைத் தாண்டியது, ஒன்வேயில் எதிரே வந்தது, தவறாக ஓவர்டேக் செய்தது எல்லாம் 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்குள் அடக்கம். முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்த 184-ல், கையில் செல்போன் வைத்துக்கொண்டு ஓட்டிய குற்றம் ஒன்றை மட்டும்தான் அதிகாரியிடமே பணம் கட்டி முடிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. மற்றவை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே விபத்து நடந்த இடத்திலேயே ‘அபாயகரமாக ஓட்டியதற்கு ஸ்பாட் ஃபைன்’ என்று யாராவது கேட்டால், அது எந்தப் பிரிவில் என்று மரியாதையாகக் கேட்பது உங்கள் உரிமை.

பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. பணம் கட்டி முடித்த குற்றமும் கணக்கில் நிற்கும். அதே குற்றம் மறுபடி வந்தால், கட்டி முடித்ததை முதல் குற்றமாக எடுத்துக்கொண்டு இரண்டாவது முறைக்குரிய தண்டனையைத் தரலாம் என்று 2019 திருத்தம் 200-வது பிரிவில் சேர்த்திருக்கிறது. ‘கட்டிட்டேன், முடிஞ்சுபோச்சு’ என்பது அங்கேயே அடிபட்டுப் போகிறது.

‘குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?’

குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் சின்ன வழக்குகள் கூப்பிடப்படும் காலை வேளையை ஒரு முறை போய்ப் பார்க்க வேண்டும். வராண்டாவில் கூட்டம். லாரி டிரைவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், அரை நாள் லீவு போட்டு வந்த ஐ.டி. பையன்கள், மகனுக்குத் துணையாக வந்த அப்பாக்கள். டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட, உள்ளே போனவர் கூண்டில் ஏறுவார். வழக்கின் சாரம் இரண்டு வரியில் வாசிக்கப்படும். இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன பதிவெண்ணுள்ள காரை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதாக உங்கள் மேல் வழக்கு. குற்றத்தை ஒத்துக்கிறீங்களா? தலை அசையும். “ஒத்துக்கிறேன்யா.” தொகை சொல்லப்படும். வெளியே வந்து பணத்தைக் கட்டி ரசீது வாங்கினால், முகத்தில் ஒரு விடுதலை.

281-ல் அதிகபட்ச அபராதம் 1,000 ரூபாய்தான். அந்த ஆயிரத்துக்காக அவர் விட்டுக்கொடுத்தது என்ன என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவர், ‘நான் குற்றவாளியே இல்லை’ என்று மேல்முறையீடு செய்ய முடியாது. தண்டனையின் அளவைப் பற்றியும் அது சட்டப்படி சரியா என்பதைப் பற்றியும் மட்டும்தான் பேசலாம். அதிலும் தொகை மிகச் சிறியதென்றால் அந்த வழியும் அடைபடும். ஒப்புக்கொண்டதை, கூடுமானவரை அவருடைய சொற்களிலேயே நடுவர் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதாவது, பதிவேட்டில் இருக்கப்போவது போலீஸ் சொன்னது மட்டும் அல்ல, நீங்கள் சொன்னதும்.

அது எங்கே திரும்பி வரும் என்று பாருங்கள். அதே விபத்தில் உங்களுக்கும் கால் முறிந்திருக்கிறது, இழப்பீடு கேட்டு எம்.சி.ஓ.பி. மனு போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் வக்கீல் குற்றவியல் தீர்ப்பின் சான்றிட்ட நகலை எடுத்து எக்சிபிட்டாகக் குறியீடு செய்வார். குறுக்கு விசாரணையில் கேள்வி ஒன்றுதான் இருக்கும்: “குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினீர்களா, இல்லையா?” “கட்டினேன். ஆனா, அலைய முடியாதுன்னுதான்…” என்று ஆரம்பிக்கும் பதில், பெரும்பாலும் ‘கட்டினேன்’ என்ற சொல்லோடு நின்றுவிடும். அந்த ஒப்புதல் தீர்ப்பாயத்தைக் கட்டுப்படுத்தாது, மற்ற சாட்சியங்களையும் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வது சரிதான். ஆனாலும் தன் வாயால் சொன்னதைத் தானே மறுக்க வேண்டிய சுமை அவர் தலையில் விழுந்துவிட்டது.

ஒப்புக்கொள்ளச் சொல்லி மனிதரை நெருக்குவது பெரும்பாலும் பயம் இல்லை, அவசரம். வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலில் கிடக்கிறது. வாடகைக் காருக்கு இ.எம்.ஐ. நிற்காது. வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டிய பையனுக்கு, நிலுவையில் ஒரு குற்ற வழக்கு இருந்தால் அது தடையாகும். இந்த நெருக்கடிகள் உண்மையானவை. அவற்றைச் சொல்லாமல் ‘போராடுங்கள்’ என்று மட்டும் எழுதுவது நேர்மையாகாது. ஆனால் அவற்றுக்கும் வழி இருக்கிறது. விபத்து வண்டியைச் சோதனைக்காகக் கொண்டுபோனால், அந்த நடைமுறை முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் உரியவரிடம் திருப்பித் தர வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-வது பிரிவு சொல்கிறது. வழக்கு நிலுவையில் இருந்தாலும் நீதிமன்ற அனுமதியோடு பாஸ்போர்ட் பெற வழியிருக்கிறது. இவை தெரிந்திருந்தால், வண்டியை மீட்பதற்காகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற நிலை பலருக்கு வராது.

வரைபடத்தில் இருக்கிறது வழக்கு

விபத்து வழக்கின் கட்டில் நான் முதலில் தேடிப் பார்ப்பது, சம்பவ இடத்தைப் பார்த்து போலீஸ் எழுதும் பார்வை மகஜரையும், அதோடு சேர்ந்த மாதிரி வரைபடத்தையும்தான். ஒரு வெள்ளைத்தாள். இரண்டு இணைகோடு போட்டால் அது ரோடு. ஓரத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறி. ஒரு டீக்கடை, ஒரு புளியமரம், ஒரு மின்கம்பம். நடுவில் பெருக்கல் குறி போட்டு ‘சம்பவ இடம்’.

நல்ல வரைபடம் என்றால் அதில் ரோட்டின் அகலம் இருக்கும். தார் எங்கே முடிந்து மண் எங்கே தொடங்குகிறது என்று இருக்கும். டயர் தேய்த்த தடம் எத்தனை அடி, எந்தப் பக்கம் என்று இருக்கும். கண்ணாடி எங்கே சிதறியது, ரத்தக்கறை எங்கே, வேகத்தடை எவ்வளவு தூரத்தில், தெருவிளக்கு எரிந்ததா என்றெல்லாம் இருக்கும். இரண்டு கோடும் ஒரு பெருக்கல் குறியும் மட்டுமே உள்ள வரைபடத்தை வைத்துக்கொண்டு, யார் தன் பக்கத்தை விட்டு எந்தப் பக்கம் வந்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வரைபடத்தின் மேல்தான் பல வழக்குகள் நிற்கின்றன.

வரைபடம் ஒழுங்காக இருந்தாலும் அது மட்டுமே போதாது. மோதிய பிறகு வண்டிகள் எங்கே கிடந்தன என்பதை மகஜரில் பார்த்துவிட்டு, இவர்தான் அஜாக்கிரதை என்று முடிவுக்கு வந்துவிட முடியாது என்று 2013-ல் கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மோதிய வேகத்தில் வண்டி சுழன்றிருக்கும், எகிறியிருக்கும், இழுத்துக்கொண்டு போயிருக்கும். கிடந்த இடம் வேறு, மோதிய இடம் வேறு.

வேகத்தைப் பற்றியும் அப்படித்தான். கர்நாடக அரசு தொடர்பான 1998-ம் ஆண்டு வழக்கில், லாரி ‘அதிவேகமாக’ வந்தது என்று சாட்சிகள் சொன்னதை வைத்து மட்டும் டிரைவரைத் தண்டிக்க முடியாது என்று, அவருக்கு உயர் நீதிமன்றத்தில் கிடைத்த விடுதலையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. எத்தனை வேகம் அதிவேகம்? நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் சாதாரணம், பள்ளிக்கூட வாசலில் அது கொலைவேகம். அதை விளக்காமல், விபத்து நடந்துவிட்டதே என்ற ஒரே காரணத்துக்காக அஜாக்கிரதையை அனுமானித்துவிடக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பு. முதல் தகவல் அறிக்கையில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்றால், ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டாமல் இருக்காதீர்கள்.

கட்டில் இருக்கும் இன்னொரு தாள் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. ‘விபத்து இயந்திரக் கோளாறால் ஏற்பட்டதல்ல’ என்ற வரியோடு முடிகிற அறிக்கைகள் மிக அதிகம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிவிடுகிறார்கள். அதற்கு மேலே, எந்த வண்டியில் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது, எந்த விளக்கு உடைந்திருக்கிறது என்ற சேத விவரம் இருக்கும். உங்கள் காரின் இடது பின்பக்கம் நசுங்கியிருந்தால், நீங்கள் போய் மோதினீர்களா, உங்களை வந்து மோதினார்களா என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

கோவைச் சாலையில் மூன்று கணக்கு

தவறு யார் மேல் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 2017 ஜனவரியில் கோயம்புத்தூரில் நடந்தது. பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன கார் திடீரென்று நின்றது. காரின் பின்னால் மோதிக் கீழே விழுந்தார். பின்னால் வந்த பஸ் அவர் மேல் ஏறியது. இடது காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. கர்ப்பிணியான மனைவிக்குக் குமட்டல் வந்ததால் பிரேக் போட்டேன் என்றார் காரை ஓட்டியவர்.

பின்னால் போய் மோதியவன் மேல்தான் தப்பு என்பது ரோட்டில் எல்லோரும் சொல்கிற நியாயம். தீர்ப்பாயமும் காரை ஓட்டியவர் மேல் தவறில்லை என்றது. பஸ்ஸுக்கு 80 சதவீதம், மாணவருக்கு 20 சதவீதம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே காருக்கு 40, பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 30 என்று கணக்கு மாறியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலையின் நடுவே சிக்னல் எதுவும் காட்டாமல் திடீரென்று நிறுத்தியதுதான் விபத்துக்கு மூலம் என்றது. காருக்கு 50, பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 20. முதல் கணக்கில் குற்றமே இல்லாதவர் கடைசிக் கணக்கில் பாதிக்குப் பொறுப்பாளி.

சட்டம் படித்தவர்கள், ஆவணங்களை எல்லாம் மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு, மூன்று கட்டத்தில் மூன்று விதமாகப் பார்த்த விஷயம் இது. இதே போன்ற ஒன்றை, விபத்து நடந்த அரை மணி நேரத்தில், ரோட்டோரத்தில் நின்றுகொண்டு, ‘ஆமாம், என் தப்புதான்’ என்று ஒருவர் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுவது எப்படிச் சரியாகும்?

நம் ஊரில் வேறொரு பழக்கமும் வேரூன்றியிருக்கிறது. பெரிய வண்டி மேல் கேஸ் போடுவது. பைக்கும் காரும் மோதினால் கார், காரும் லாரியும் மோதினால் லாரி. அடிபட்டவர் ஏழை, அவருக்கு இன்சூரன்ஸ் பணமாவது கிடைக்கட்டும் என்ற இரக்கம் அதன் பின்னால் இருக்கலாம். இரக்கம் நல்லதுதான். அதற்காக, ஒன்வேயில் எதிரே வந்த பைக்கின் தவறை லாரி டிரைவர் சுமக்க வேண்டும் என்பதில் நியாயம் இல்லை. அந்த டிரைவருக்கு லைசென்ஸ்தான் சோறு.

இதற்கு நேரெதிரான கொடுமையும் நடக்கிறது. இறந்துபோனவர் மேலேயே வழக்கைப் போட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லை என்று முடித்துவிடுவது. அப்போது புகார் கொடுத்தவருக்கு, வழக்கை முடித்துவிட்டோம் என்று தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒன்று வரும். துக்க வீட்டில் அதை யாரும் படிப்பதில்லை. படித்து, ஆட்சேபம் இருந்தால் நீதிமன்றத்தில் மனுவாகச் சொல்ல வேண்டும். அந்தக் குடும்பத்தின் இழப்பீட்டு வழக்குக்கு அந்த நோட்டீஸ் ஆணிவேர்.

லைசென்ஸ் என்ன ஆகும்?

184 போன்ற குற்றங்களில் போலீஸ் அதிகாரி லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். முதல் முறை என்றால் மூன்று மாதம் தகுதிநீக்கம் செய்ய ஆர்.டி.ஓ.வுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் அதைச் செய்ய வேண்டும் என்பது 19-வது பிரிவிலேயே இருக்கிறது. ஆர்.டி.ஓ. அனுப்பும் நோட்டீசுக்குப் பதில் எழுதாமல் இருப்பதுதான் பலர் செய்வது. எழுதுங்கள். தகுதிநீக்க உத்தரவு வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டது என்பதற்காக மட்டும், விசாரணை முடியும் முன்பே லைசென்ஸை முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது.

எதிர்க்க நினைத்தால்

எதிர்ப்பது என்றால் ரோட்டில் போலீஸோடு வாக்குவாதம் செய்வது இல்லை. அங்கே அமைதியாக இருங்கள். முதல் வேலை அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. அது ஓட்டுநரின் சட்டப்படியான கடமை. கூட்டம் அடிக்க வருவது போன்ற, கையை மீறிய சூழ்நிலை இருந்தால் ஒழிய அதிலிருந்து விலக்கு இல்லை. போலீஸ் அங்கே இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் பக்கத்து ஸ்டேஷனில் நீங்களே போய்த் தகவல் சொல்ல வேண்டும். இதைச் செய்யாமல் ஓடிவிட்டவருக்கு, பிறகு எத்தனை நியாயம் இருந்தாலும் கேட்க ஆள் இருக்காது.

அடுத்து போட்டோ. வண்டிகளை நகர்த்தும் முன், நாலு பக்கத்திலிருந்தும், ரோடு முழுவதும் தெரிகிற மாதிரியும், டயர் தடம் தெரிகிற மாதிரியும். அப்புறம் சுற்றிலும் கண்ணை ஓட்டுங்கள். மெடிக்கல் ஷாப், பெட்ரோல் பங்க், அடகுக்கடை என்று எங்கே கேமரா இருக்கிறதென்று பார்த்து, கடைக்காரரிடம் அன்றைக்கே பேசிவிடுங்கள். பெரும்பாலான கடைகளில் பழைய பதிவு சில வாரங்களில் அழிந்து அதன் மேல் புதியது ஏறிவிடும். இந்தப் பதிவைப் பாதுகாத்து வழக்கில் சேர்க்க வேண்டும் என்று விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் மனு கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வையுங்கள். நீதிமன்றத்தில் அந்தப் பதிவைத் தாக்கல் செய்யும்போது, முன்பு 65-பி என்றும் இப்போது புதிய சாட்சியச் சட்டத்தில் 63 என்றும் உள்ள பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அதையும் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகள் நமக்கு ஓர் உதவியைச் செய்திருக்கின்றன. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை. 90 நாளில் விரிவான அறிக்கை. இதில் ஓட்டுநரும் உரிமையாளரும் தங்கள் தரப்பைச் சொல்வதற்குத் தனித்தனிப் படிவங்கள் இருக்கின்றன. அந்தப் படிவத்தை ஏட்டிடமே நிரப்பக் கொடுத்துவிடாமல், உங்கள் கையால், உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். விபத்து வழக்கு ஆவணங்களைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பெறவும் வசதி இருக்கிறது.

சலானை எதிர்க்க விரும்பினால், மெய்நிகர் நீதிமன்றத்தின் இணையப் பக்கத்தில் அபராதம் கட்டுவதற்கு ஒரு பொத்தானும், வழக்கை எதிர்கொள்வதற்கு இன்னொரு பொத்தானும் இருக்கும். இரண்டாவதை அழுத்தினால் வழக்கு அந்தப் பகுதிக்குரிய நீதிமன்றத்துக்குப் போகும். கேமரா பிடித்த சலான் என்றால், குற்றம் தெளிவாகத் தெரியும் படம், நேரம், இடம், நம்பர் பிளேட் ஆகியவை நோட்டீசில் இருக்க வேண்டும். அதிவேகம், அபாயகரமாக ஓட்டுதல் ஆகிய இரண்டு குற்றங்களுக்கும் 209-வது பிரிவில் தனியாக ஒரு பாதுகாப்பு இருக்கிறது: ‘உங்கள் மேல் வழக்கு வரலாம்’ என்று அந்த இடத்திலேயே எச்சரித்திருக்க வேண்டும், அல்லது 14 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும், அல்லது 28 நாளுக்குள் சம்மன் சார்பு செய்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் நடக்கவில்லை என்றால், முகவரியே கண்டுபிடிக்க முடியாத நிலை போன்ற விதிவிலக்கு இருந்தாலொழிய, தண்டிக்க முடியாது. இவ்வளவு நல்ல பாதுகாப்பை யாரும் பயன்படுத்திக்கொள்வதாகத் தெரியவில்லை என்பது என் ஆதங்கம்.

நடுவர் முன் நிற்கும் நாளுக்கு ஒரு புதிய வசதியும் வந்திருக்கிறது. சம்மன் வகை வழக்குகளில், குற்றச்சாட்டுக்கு அடிப்படையே இல்லை என்று நடுவர் கருதினால், காரணத்தை எழுதிவிட்டு முதல் கட்டத்திலேயே விடுவிக்க வேண்டும் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 274-வது பிரிவு சொல்கிறது. ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைய வேண்டும் என்று பயந்து ஒப்புக்கொள்கிறவர்கள் வக்கீலிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

ஒப்புக்கொள்ள வேண்டியவர்கள்

குடித்துவிட்டு ஓட்டியவரும், செல்போனில் பேசிக்கொண்டே மோதியவரும் தப்பிப்பதற்கு இந்தக் கட்டுரையில் எதுவும் இல்லை. தவறு நம்முடையதென்று மனதுக்குத் தெரிந்தால், அதை ஒப்புக்கொள்வதும் அடிபட்டவரின் குடும்பத்தைப் போய்ப் பார்ப்பதும்தான் மனிதத்தன்மை. காயம் ஏற்படுத்திய குற்றத்தைப் பொறுத்தவரை, அடிபட்டவர் சம்மதித்தால் நீதிமன்ற அனுமதியோடு சமரசமாகவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. 281 மட்டும் அப்படிச் சமரசமாக முடிவதில்லை.

நாம் குற்றத்தை மறுத்தால் அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்காமல் போய்விடுமே என்று சிலர் தயங்குகிறார்கள். நல்ல மனசுக்காரர்களின் தயக்கம் அது. அதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே பதில் இருக்கிறது. என்.கே.வி. பிரதர்ஸ் நிறுவனத்தின் பஸ் ஒன்று இரவு நேரத்தில், தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 26 பேர் பாதிக்கப்பட்டார்கள். அதில் எட்டுப் பேர் அங்கேயே இறந்துபோனார்கள். கடவுள் செயல் என்று சொல்லிக் குற்றவியல் நீதிமன்றம் டிரைவரை விடுதலை செய்தது. கம்பி தொங்குகிறது என்று பயணிகள் கத்தியும் நிறுத்தாமல் போனார் என்று தீர்ப்பாயம் இழப்பீடு கொடுத்தது. 1980-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அமர்வு, குற்ற வழக்கில் விடுதலையானதால் இழப்பீடு பாதிக்காது என்று உறுதி செய்தது. சிறைக்கு அனுப்பத் தேவைப்படும் ஆதாரம் வேறு, இழப்பீடு கொடுக்கத் தேவைப்படும் ஆதாரம் வேறு. ஆகவே, செய்யாத குற்றத்தை மறுப்பதால் எவர் வீட்டுச் சோற்றிலும் மண் விழாது.

விபத்தில் அடிபட்டவர் இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலில் வந்த திருத்தம் சொல்கிறது. நாளைக் கடத்தாதீர்கள். வண்டி ஓட்டிய உரிமையாளருக்குப் பாலிசியில் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதா என்றும் எடுத்துப் பாருங்கள். அதற்குத் தவறு யார் மேல் என்ற கேள்வியே கிடையாது.

சம்மன் வந்திருந்தால், வாய்தா நாளுக்கு முன் குற்றப்பத்திரிகையையும் அதோடு உள்ள ஆவணங்களையும் கேட்டு வாங்குங்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவற்றை இலவசமாகத் தர வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். பெண்களுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே அங்கே இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100.